விழுங்கியவர் விலக்கப்படுவார்

காவிரிக்கரை உணவு–பானப் பொருத்தப் பேரவையில் யாரும் குடிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேரவையும் தன் எல்லாக் கூட்டங்களிலும் இதைத்தான் முதலில் சொல்லும்.

எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின், எந்தப் பலகாரத்துக்கு எந்தச் சர்பத் என்று திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் வீடு வீடாகப் போய்த் தீர்ப்புச் சொல்வது அவர்கள் பணி. உறுப்பினர்கள் பானத்தை வாயில் வாங்கி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, யோசித்து, துப்பிவிடுவார்கள். தொண்டையைத் தாண்டாதது குடியில் சேராது என்பது பேரவையின் அஸ்திவாரம். அதன் மேல்தான் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் வியாபாரிகளும் டாக்டர்களுமாக அத்தனை பேர் குடும்பப் பெயர் கெடாமல் உட்கார்ந்திருந்தார்கள். விதிகளில் முதல் விதி: விழுங்கியவர் விலக்கப்படுவார்.

இன்னொரு விதியும் உண்டு. அடுத்த வீட்டுக் கண்ணாடிக் கோப்பையில் உதடு படக் கூடாது. ஆகவே எல்லோரும் ஒயினை அண்ணாந்து, உயரத்திலிருந்துதான் வாயில் ஊற்றிக்கொள்வார்கள். சட்டையில் சிந்தும். அதற்காகவே கருஞ்சிவப்பில் ஒரு மேல்துண்டு சீருடையாக்கப்பட்டது.

இந்தப் பேரவை டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலப்புதூரில் பெஞ்சமின் வீட்டுக்கு வந்தது.

பெஞ்சமின் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் வாசிப்பவர். தேர்த் திருவிழாவுக்கும் வாசிப்பார், சவ ஊர்வலத்துக்கும் வாசிப்பார். அவர் மனைவி லூர்துராணி வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குக் கறுப்புத் திராட்சையில் ஒயின் போடுவாள். அது பெரிய விஷயமில்லை, அந்தத் தெருவில் பல வீடுகளில் போடுவார்கள். ஆனால் லூர்துராணி வீட்டுக்கு வந்த யாரும் தொண்டை நனையாமல் திரும்பியதில்லை. டிசம்பரில் ஒயின், கோடையில் நன்னாரி சர்பத், மற்ற நாளில் மோர். சிலிண்டர் கொண்டுவருகிறவர், கொரியர்க்காரர், வீடு மாறி மணியடித்தவர், யாரானாலும் ஒரு டம்ளர். கேட்டுக் கொடுப்பதில்லை, கொடுத்துவிட்டுத்தான் பெயரே கேட்பாள்.

பக்கத்து வீட்டுக் காத்தமுத்து பேரவையின் செயலாளர். தொட்டியத்தில் வாழைத் தோட்டம், காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. அவர்தான் சொன்னார்: "அண்ணே, அண்ணி ஒயினுக்குச் சான்று வாங்கிருவோம். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். கறிக் குழம்பு வச்சு, கூட ஒயின வச்சாப் போதும்."

லூர்துராணிக்குச் சந்தோஷம். திரைச்சீலையைத் துவைத்து மாட்டினாள்.

தலைவர் வேங்கடவரதன் முன்னால் நடந்து வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். பின்னால் காத்தமுத்து. அவருக்குப் பின்னால் சுவை ஆலோசகர் சுபஸ்ரீ, இணையவழியில் படித்துப் பட்டயம் பெற்றவர்.

தலைவர் சைவம். ஆகவே கறிக் குழம்பைத் தொடமாட்டார். அதற்கு ஏற்பாடு இருந்தது. காத்தமுத்து கறியை மெல்லுவார், தலைவர் ஒயினைக் கொப்பளிப்பார், இரண்டும் பொருந்துகிறதா என்பதைத் தலைவர் காத்தமுத்துவின் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார்.

"துப்பறதுக்குப் பாத்திரம்?" என்றார் சுபஸ்ரீ. லூர்துராணி விழித்தாள். சுபஸ்ரீ தானே சமையலறைக்குள் போய், பரண் கீழே கவிழ்த்திருந்த பித்தளைக் குண்டானை எடுத்துவந்து நடுவில் வைத்தார். லூர்துராணி திராட்சை அலசும் குண்டான் அது. கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்தது.

"அது வேணாங்க, நான் பிளாஸ்டிக் வாளி ஒண்ணு..." என்று தொடங்கினாள்.

"பித்தளை நல்ல நாதம் குடுக்கும்மா" என்றார் தலைவர். பிறகு அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்.

காத்தமுத்து மென்றார். தலைவரும் சுபஸ்ரீயும் உருட்டினார்கள். மூவரும் குண்டானில் துப்பினார்கள். சுபஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டு, "ஈரமண் இருக்கு சார். பென்சில் சீவல் இருக்கு. லேசா, பழைய பள்ளிக்கூட மேஜை" என்றார். மூவரும் குண்டானில் துப்பினார்கள்.

"பொருந்தலை" என்றார் தலைவர்.

"எதுங்க பொருந்தல?" என்று கேட்டார் பெஞ்சமின்.

"குழம்பு ஒரு பக்கம் போறது, ஒயின் ஒரு பக்கம் போறது. நான் குழம்பைச் சாப்பிடலை, ஒயினைக் குடிக்கலை. ரெண்டுலயும் பற்று இல்லாதவன் சொன்னாத்தான் அது நடுநிலை. வெளிநாட்டுக்காரா இதுலதான் கோட்டை விடறா. சாப்பிடறா, குடிக்கறா, அப்புறம் தீர்ப்புச் சொல்றா. அது எப்படிச் செல்லும்?"

பிறகு அவர் ஆட்காட்டி விரலை நீட்டினார். பேரவையில் அந்த விரலுக்குச் சட்டபூர்வமான மதிப்பு உண்டு. சோதிக்க வந்தவர் யாரைச் சுட்டுகிறாரோ அவர்தான் எச்சில் பாத்திரத்தை எடுத்துப்போய்க் கொட்ட வேண்டும். விரல் லூர்துராணியைச் சுட்டியது.

"கால் படாத இடமாப் பாத்துக் கொட்டும்மா. பேரவை சுத்தத்துல ரொம்ப கண்டிப்பு."

லூர்துராணி குண்டானை இரண்டு கையாலும் எடுத்தாள். மூன்று பேர் எச்சில், தன் ஒயினோடு கலந்து, தன் அப்பா கொடுத்த பாத்திரத்தில். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். போகும்போது, "டீ போடவாங்க?" என்று கேட்டாள், பழக்க தோஷத்தில். டீக்குத் தனி விண்ணப்பம் வேண்டும் என்றார் காத்தமுத்து.

போகும்முன் வாசற்கதவில் மஞ்சள் ஒட்டி ஒன்றை ஒட்டினார்கள்: பொருத்தமற்ற இல்லம்.

அதன் பிறகு லூர்துராணி குண்டானைத் தேய்க்கவும் இல்லை, எறியவும் இல்லை. கொல்லையில் கவிழ்த்துப் போட்டாள். ஜாடியிலிருந்த ஒயினை யாருக்கும் ஊற்றவில்லை. சிலிண்டர்க்காரர் வந்தார், கதவருகே பழகிய இடத்தில் நின்றார், ஒட்டியைப் படித்தார், போனார். பாட்டுக் குழுப் பிள்ளைகள் வந்து பாடினார்கள். கதவைப் பாதி திறந்து, "உடம்பு சரியில்லப்பா" என்றாள்.

"விடு ராணி. பைத்தியக்காரக் கூட்டம்" என்றார் பெஞ்சமின்.

"படிச்சவங்க சொல்றாங்க. இத்தன வருசமா எல்லாரும் என் மனசு நோகக் கூடாதுன்னு குடிச்சிருக்காங்கபோல" என்றாள் அவள்.

அன்று மாலை ஜெபத்தில், தீமை செய்தவர்களை மன்னிப்பதைப் பற்றிய வரி வந்தபோது பெஞ்சமின் வாயை மூடிக்கொண்டார். மறுநாளும் மூடிக்கொண்டார். ஆண்டவரிடம் பொய் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல் என்று அவருக்குத் தோன்றியது. லூர்துராணி ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஜனவரியில் பெஞ்சமின் பேரவையில் சேர்ந்தார்.

"குறையத் திருத்திக்க வந்திருக்கேங்க" என்றார். தலைவருக்கு மனம் குளிர்ந்தது. பொருத்தமற்ற இல்லத்திலிருந்து ஒருவர் தானாக வந்து சேர்வது பேரவையின் வரலாற்றில் அதுதான் முதல்முறை.

பேரவையில் மாணாக்கர், பொருத்தர், மகாபொருத்தர் என்று படிகள் உண்டு. ருசியில் பரீட்சை கிடையாது. ருசி ஆளுக்கு ஆள் மாறும், அதற்கு மதிப்பெண் போட்டால் சண்டை வரும். "எனக்கு ருசியெல்லாம் தெரியாதுங்க. ஆனா தீர்மானம் போடத் தெரியும். ஒரு அமைப்புக்கு அதுதானே வேணும்?" என்று காத்தமுத்து பெஞ்சமினுக்கு விளக்கினார். ஆகவே பரீட்சை முழுக்கத் துப்புவதில்தான். எவ்வளவு தூரம், எவ்வளவு நேராக, எவ்வளவு சத்தமில்லாமல்.

அங்கேதான் பேரவை ஒன்றைக் கணக்கில் எடுக்கத் தவறியது. பெஞ்சமின் இளவயது முதல் டிரம்பெட் ஊதியவர். அவருடைய உதடும் கன்னமும் அவர் சொன்னதைக் கேட்கும். முதல் நாள், கண்டோன்மென்ட் ஓட்டல் ஒன்றின் கூடத்தில், அவர் மேடையோரம் நின்று, எதிர்மூலையிலிருந்த பாத்திரத்தில் ஒரு வாய் ஒயினை நூல்பிடித்ததுபோல இறக்கினார். ஒரு சொட்டு தரையில் இல்லை. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. சுபஸ்ரீ கண் கலங்கினார்.

அதே கூட்டத்தில் ஒரு பேராசிரியருக்கு விசாரணை நடந்தது. கொப்பளிக்கும்போது விக்கல் வந்து அவர் ஒரு மடக்கு விழுங்கிவிட்டார்.

"வேணும்னு செய்யலைங்க. விக்கல்" என்றார் பேராசிரியர்.

"விக்கல் வரப்போறதுன்னு ஏன் முன்கூட்டியே தெரிவிக்கலை?" என்று கேட்டார் தலைவர். "எங்காத்துல நான் ஒயின் பேரையே எடுக்கறதில்லை. ஏன் தெரியுமா? நான் குடிக்கறதில்லை, அதனால சொல்ல ஒண்ணும் இல்லை. நீர் விழுங்கிட்டீர். நாளைக்கு ஊர் என்ன கேட்கும்? அப்போ மத்தவாளும் விழுங்கறாளோன்னு கேட்கும். உம்ம ஒருத்தர் தொண்டையால எங்க அத்தனை பேர் மானமும் போறது."

பேராசிரியர் மேல்துண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பெஞ்சமின் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசி பிறந்தபோது அவர் பொருத்தர். பங்குனியில் மகாபொருத்தர். மணப்பாறை முறுக்குக்கு எந்த ஒயின் என்ற கருத்தரங்கில், மேடை முழுக்க வாதம் நடந்துகொண்டிருக்க, அவர் ஒன்றும் பேசாமல் மூன்று ரகத்தையும் மூன்று பாத்திரத்தில் மாறி மாறித் துப்பிக் காட்டினார். வாதம் முடிந்துபோனது. தலைவருக்கு அடுத்த இடம் அவருக்கு.

அந்த இடத்தில் உட்கார்ந்த அன்றே எழுந்து பேசினார். "ஊரெல்லாம் போய்ச் சோதிக்கிறோம். தலைவர் வீட்டுலேர்ந்து ஆரம்பிச்சாத்தானே அழகு? முதல் சான்று அங்க மாட்டணுங்க. எனக்கு அந்தப் பாக்கியத்தைக் கொடுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் கொஞ்சம் யோசித்தார். வீட்டுக்குள் ஒயின் வரக் கூடாது. ஆனால் ஸ்ரீராமநவமி வருகிறது. அன்று வீட்டில் பானகம், நீர்மோர், வடைப்பருப்பு. "நம்ம மண்ணின் பொருத்தம்!" என்று அவரே அறிவித்துவிட்டார்.

பெஞ்சமினின் திட்டம் எளிமையானது. தலைவர் வீட்டில், தலைவர் சொந்தக்காரர்கள் நடமாடும் வீதியில், தலைவரை நோக்கி விரலை நீட்டுவது. எச்சில் பாத்திரத்தை அவர் வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்குளிரப் பார்ப்பது. அதற்காக அவர் கொல்லையில் கிடந்த குண்டானை எடுத்து, கறுத்த களிம்போடு அப்படியே, ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

"அத ஏன் எடுக்கிறீங்க?" என்றாள் லூர்துராணி.

"வேல இருக்கு."

ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசலில் பெரிய கோலம். தலைவரின் மனைவி அனுசுயா கூடத்தில் பாய் விரித்திருந்தாள். கணவர் ஏதோ சமையல் சங்கத்தில் இருக்கிறார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"வாங்கோ, வாங்கோ. வெயில்ல வந்திருக்கேள். மொதல்ல பானகம் சாப்பிடுங்கோ."

தலைவர், காத்தமுத்து, சுபஸ்ரீ, பெஞ்சமின் என நால்வரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெஞ்சமின் பையிலிருந்து குண்டானை எடுத்து நடுவில் வைத்தார். தலைவர் அதைப் பார்த்தார். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

டம்ளர்கள் வந்தன. நால்வரும் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார்கள். வெல்லமும் ஏலக்காயும் சுக்கும் வாய் நிறைந்தது. உருட்டத் தொடங்கினார்கள்.

"பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிட்டுத்தான் எடுத்துண்டு வந்தேன்" என்றாள் அனுசுயா. "பிரசாதம். நன்னா சாப்பிடுங்கோ, இன்னும் நிறைய இருக்கு."

உருட்டல் நின்றது.

நான்கு ஜோடிக் கன்னங்கள் உப்பியபடி அப்படியே இருந்தன. பெருமாளுக்குப் படைத்ததைத் துப்ப முடியாது. துப்பினால் அந்த வீட்டில் மறுபடி தண்ணீர்கூடக் கிடைக்காது. விழுங்கவும் முடியாது. விழுங்கியவர் விலக்கப்படுவார். பேரவையின் விதிகளை எழுதியவர் தலைவர்தான். பானகத்துக்கு விலக்கு வேண்டும் என்று போன வருடம் ஒருவர் கேட்டபோது, "இன்னிக்குப் பானகம்பீர், நாளைக்குப் பட்டைச் சாராயம்பீர்" என்று மறுத்தவரும் அவர்தான்.

"ஏன்னா, ஏன் முழிக்கறேள்?" என்றாள் அனுசுயா. "வெல்லம் தூக்கலா?"

தலைவர் தலையை ஆட்டினார். ஆம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம்.

"ஏம்மா சுபஸ்ரீ, நீ சொல்லு. சுக்கு ஜாஸ்தியோ?"

சுபஸ்ரீயின் கண்ணில் நீர் தளும்பியது. காத்தமுத்து மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார்.

பெஞ்சமினுக்கு இது எதிர்பாராத விருந்து. இது அவர் திட்டத்தில் இல்லை. ஆனால் கன்னம் உப்ப உட்கார்ந்திருப்பது அவருக்குப் பெரிய காரியமில்லை, தேர்ப் பவனியில் மூச்சுவிடாமல் ஊதியவர். அவர் குண்டானை மெதுவாகத் தலைவரின் முழங்காலுக்கு முன்னால் தள்ளினார். பிறகு ஆட்காட்டி விரலை நீட்டினார்.

தலைவர் விரலைப் பார்த்தார். குண்டானைப் பார்த்தார். உள்ளே கறுத்த கறையைப் பார்த்தார். இப்போது நினைவு வந்துவிட்டது என்பது பெஞ்சமினுக்குத் தெரிந்தது. நெற்றியில் திருமண் வேர்வையில் இளகியது. கோபுரத்துப் பக்கமிருந்து நாகஸ்வரச் சத்தம் வந்து, நின்று, மறுபடி வந்தது. விரல் அசையவில்லை.

"இந்தப் பாத்திரம் எதுக்கு மாமா?" என்று அனுசுயா பெஞ்சமினைக் கேட்டாள்.

அவர் வாயிலும் பானகம்.

கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. தலைவர் விழுங்கிவிட்டார். அடுத்து சுபஸ்ரீ. அடுத்து காத்தமுத்து, இருமலோடு. பேரவையின் தலைவரும் செயலாளரும் ஆலோசகரும் ஒரே மூச்சில், விதிப்படி, குடிகாரர்களாகிவிட்டார்கள்.

பெஞ்சமின் கடைசியாக, அவசரமில்லாமல் விழுங்கினார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, பானகம் ரொம்ப நல்லா இருக்கு. பாத்திரத்தைக் கேட்டீங்கல்ல? இது எங்க வீட்டம்மாவோடது. அவங்க அப்பா கொடுத்தது. எங்க வீட்டுக்கு இவங்க மூணு பேரும் வந்தாங்க. அவ கையால கொடுத்ததை வாங்கி, இதுல துப்பினாங்க. அவளையே எடுத்துட்டுப் போய்க் கொட்டச் சொன்னாங்க. உங்க வீட்டுக்காரர்தான் விரலைக் காட்டினார். அதுலேர்ந்து அவ யாருக்கும் ஒரு வாய்த் தண்ணி கொடுக்கல."

அனுசுயா கணவரைப் பார்த்தாள்.

"துப்பினேளா?"

"அது ஒரு முறை, அனுசுயா. உலகம் பூராவும்..."

"ஒரு பொம்மனாட்டி கையால குடுத்ததை, அவ ஆத்துலேயே, அவ பாத்திரத்துலயா?"

"பேரவை விதிப்படி..."

"என்ன பேரவை? எதைத் துப்பினேள்?"

தலைவர் காத்தமுத்துவைப் பார்த்தார். காத்தமுத்து விட்டத்தைப் பார்த்தார். சுபஸ்ரீ, ஒருவேளை பழக்கத்தினால், "ஒயின் மாமி. லேசா ஈரமண்..." என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

அனுசுயா குரலை உயர்த்தவில்லை. உள்ளே போய்ப் புளிக்கோதும் சாம்பலும் கொண்டுவந்தாள். "எழுந்திருங்கோ. கொல்லையில குழாய் இருக்கு."

"நான் தேய்க்கிறேங்க" என்று காத்தமுத்து எழுந்தார்.

"வேணாங்க" என்றார் பெஞ்சமின். "தலைவர் கையால."

கொல்லையில் ஒரு நாற்காலி போட முடியுமா என்று பெஞ்சமின் கேட்டார். போட்டார்கள். இன்னொரு டம்ளர் பானகம் கேட்டார். அதுவும் வந்தது. அவர் நிழலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாக, விழுங்கி விழுங்கிக் குடித்தார். எதிரே தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, குண்டானைத் தேய்த்தார். கருஞ்சிவப்பு மேல்துண்டு ஈரத்தில் நனைந்து சாயம் விட்டது. பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்த வந்தவர்கள் உலர்த்தி முடித்தும் இறங்கவில்லை.

தலைவர் குண்டானைத் தூக்கிக் காட்டினார்.

"அடியில இன்னும் இருக்குங்க" என்றார் மகாபொருத்தர்.

மறுபடி தேய்த்தார். காட்டினார்.

"விளிம்பு."

விளிம்பைத் தேய்த்தார். கை சிவந்துவிட்டது. பெஞ்சமினுக்கு இரக்கம் வந்தது. அதைப் பானகத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டு, "குண்டான் காதுக்குள்ள களிம்பு நிக்குது பாருங்க" என்றார்.

ஒருவழியாகக் குண்டான் பளபளத்தது. அனுசுயா அதை வாங்கித் துடைத்து, அடுப்படிக்குப் போய் வடைப்பருப்பை நிறைய நிரப்பி, வாழையிலை போட்டு மூடிக் கொண்டுவந்தாள்.

"வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கப்படாது. உங்காத்து மாமிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்கோ."

"நீங்க ஏம்மா கேக்கணும்?"

"அவர் கேக்க இன்னும் நாளாகும். அதுவரைக்கும் பருப்பு தாங்காது."

பஸ்ஸில் பெஞ்சமின் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சந்தோஷம் அவர் நினைத்த அளவுக்கு இருந்தது. கொஞ்சம் கூடவே இருந்தது.

லூர்துராணி இலையை விலக்கிப் பார்த்தாள். குண்டானைத் திருப்பி அடியைப் பார்த்தாள். "யாரு தேய்ச்சா? இவ்ளோ நல்லா நான்கூடத் தேய்ச்சதில்ல."

பெஞ்சமின் சொன்னார். ஒன்றையும் விடாமல், கடக் என்ற சத்தம் உட்பட. நடுவில் அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு ஒரு கை பருப்பை வாயில் போட்டாள்.

"தேங்கா நெறைய போட்ருக்காங்க" என்றாள். இன்னொரு கை எடுத்துக்கொண்டு, "அந்தம்மாவுக்கு நான் என்ன அனுப்புறது?" என்றாள். "ஒயின் ஆகாது. நன்னாரி குடிப்பாங்கல்ல? வேர் இருக்கு. நாளைக்கே போட்டுரலாம். என்னங்க, சும்மா உக்காந்திருக்கீங்க, வாசல்ல அந்த மஞ்சளச் சொரண்டுங்க. சிலிண்டர்க்காரத் தம்பி நாளைக்கு வரும்."

பெஞ்சமின் கத்தியால் ஒட்டியைச் சுரண்டினார். அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

மாலை ஜெபத்தில் இருவரும் முழந்தாளிட்டார்கள். அந்த வரி வந்தது. பெஞ்சமின் வாய் திறந்தது. அவருக்கே கேட்காத குரலில் சொல்லி முடித்தார்.

லூர்துராணி கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "ஊருக்கே கேக்குற மாதிரி ஊதுறீங்கல்ல. இதையும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."